பஞ்சாயத்துப் பணமும் நன்கொடையும்: பாலியேட்டிவ் கமிட்டிச் சண்டைக்கு

பாலியேட்டிவ் கமிட்டியில், அதாவது தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புக் கமிட்டியில், பஞ்சாயத்துப் பணத்தையும் நன்கொடையையும் ஒரே விதியில் ஓட்டாதீர்கள். மாத மருந்து, நர்ஸ் வருகை பஞ்சாயத்து நிதியில். அதற்குப் பில்லும் பதிவேடும் கட்டாயம். ராத்திரி வலியில் துடிப்பவருக்கு ஆகும் செலவு தொண்டர் சங்க நன்கொடையில். பில் மறுநாள் வரட்டும்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தொண்டர்களும் பஞ்சாயத்துச் செயலாளரும் இந்தச் செலவு விஷயத்தில் மோதுவதாக எழுதியிருக்கிறீர்கள். இது ஆள் குணத்தால் வந்த சண்டையாகத் தெரியவில்லை. கேரளத்தில் பாலியேட்டிவ் பராமரிப்பு தொண்டர்கள் வளர்த்த வேலை. 2008-ல் அரசுக் கொள்கை வந்தபின் உள்ளாட்சியும் சேர்ந்தது. செயலாளர் தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டும், தொண்டர் நோயாளி வீட்டுக்கு. இரண்டுமே நியாயம்தான்.

போன மாதம் மறுத்த உதவிகளை எடுத்துப் பாருங்கள். தடுத்தது எழுத்தில் உள்ள உத்தரவா, அலுவலகப் பழக்கமா? பழக்கமென்றால் கமிட்டியிலேயே மாற்றலாம்.

ஒன்று கவனம்: நன்கொடையில் செலவழித்ததைப் பின்னால் பஞ்சாயத்துக் கணக்கில் ஏற்றாதீர்கள். தணிக்கையில் ஆட்சேபம் வந்தால் மருந்து வாங்குவதே தடைப்படக்கூடும்.