ஆழமான சுரங்கத்தில் பாறையின் இயல்பான தகைவை (தோண்டும் முன்பே அதற்குள் இருக்கும் அழுத்தத்தை) எப்படி அளக்கிறார்கள்? ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் போதாதா?

போதாது. மேலே கிடக்கும் பாறையின் எடையால் வரும் செங்குத்துத் தகைவை வேண்டுமானால் ஆழம் ஓரளவு சொல்லும்: மீட்டருக்குச் சுமார் 0.027 மெகாபாஸ்கல், அதாவது ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் 27. பக்கவாட்டில் நெருக்கும் கிடைத்தகைவு இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 1950களில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் நில்ஸ் ஹாஸ்ட் ஸ்காண்டிநேவியச் சுரங்கங்களில் அளந்தபோது, பல இடங்களில் கிடைத்தகைவுதான் ஓங்கியிருந்தது. சுரங்கப் பாதை எந்தத் திசையில் ஓடினால் கூரை தாங்கும் என்று முடிவு செய்ய இந்தத் தகைவின் திசையும் அளவும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

சுரங்கப் பாறை இயக்கவியல்தான் என் வேலை. பாறைக்குள் செருகியதும் இயல்பான தகைவைக் காட்டிவிடும் மானி எதுவும் கிடையாது. ஒரு துண்டுப் பாறையைச் சுற்றிலும் அறுத்து விடுவித்து, அது எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பதே நாங்கள் அதிகம் நம்பும் முறை. பாதை தோண்டியதால் குலைந்த பகுதியைத் தாண்டிப் பல மீட்டர் உள்ளே போய், 38 மில்லிமீட்டர் சிறுதுளை ஒன்று போடுவோம். பல திசைகளில் திரிபுமானிகள் (நுண்ணிய விரிவை அளக்கும் கருவிகள்) பதித்த குழாய் வடிவ உணரியை அதற்குள் எபாக்சிப் பசையால் ஒட்டுவோம். பசை இறுகியபின் அதே அச்சில் அகலமான வைர முனையால் துளைத்துக்கொண்டே போக வேண்டும். முனை நெருங்கும்போது அளவீடுகள் முதலில் சற்றே எதிர்த்திசையில் சரியும். உணரியைக் கடந்ததும் சட்டென்று ஏறி, பிறகு சமமாக நிற்கும். அந்தச் சமநிலை வரவில்லை என்றால் பசை பிடிக்கவில்லை, அல்லது பாறையில் விரிசல் இருக்கிறது. வெட்டு நீரின் வெப்பநிலை மாறினாலும் அளவு நகரும் என்பதால், துளைத்து முடித்த பிறகும் சிறிது நேரம் நீரை ஓடவிடுகிறோம்.

நாம் தேடும் விரிவு மிகச் சிறியது. 27 மெகாபாஸ்கல் சுமை நீங்கும்போது, 60 கிகாபாஸ்கல் யங் குணகம் (பாறையின் விறைப்பு; விரிவைத் தகைவாக மாற்ற இது வேண்டும்) உள்ள பாறை மீட்டருக்கு அரை மில்லிமீட்டர்கூட விரியாது. அந்தக் குணகத்தைப் புத்தக அட்டவணையிலிருந்து எடுப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வெளியே வந்த அதே உருளையை, உணரியோடு சேர்த்து, அழுத்தக் கலத்தில் வைத்து நெருக்கிப் பார்த்துத்தான் கண்டறிய வேண்டும்.

துளையின் ஒரு பகுதியை அடைத்து, பாறை பிளக்கும்வரை நீரை அழுத்திச் செலுத்தும் முறையும் உண்டு. பிளவு மூடிக்கொள்ளும் அழுத்தம் குறைந்தபட்சத் தகைவைச் சொல்லும். மிக ஆழத்தில் அதற்குத் தேவைப்படும் நீரழுத்தமே பெரும் தலைவலி. தகைவு மிக அதிகமான இடங்களிலோ, அறுத்தெடுக்கும் உருளை மெல்லிய வட்டத் தகடுகளாக உடைந்து வரும். அங்கே உணரிக்கு வேலை இல்லை. ஆனால் அந்தத் தகடுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், தகைவு கடுமையாக இருப்பதற்கு அவையே சாட்சி.

அளவீட்டு அறிக்கை ஏதாவது உங்கள் கைக்கு வந்தால், ஒரே துளையில் எடுத்த முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, செங்குத்துத் தகைவு மேலிருக்கும் பாறையின் எடைக்கு அருகில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே ஓர் அளவீட்டை வைத்துப் பாதையின் திசையை முடிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.