விக்டோரியாவில் தனியாக ஒரு நாள்: கேள்வி பதில்

சீஷெல்ஸ் நாட்டின் தலைநகரான, மாஹே தீவிலுள்ள விக்டோரியாவைத் தனியாகச் சுற்றிப் பார்க்க விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இந்த ஊரில் வசித்து வருபவன் என்ற முறையில் என் பதில்களை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): மாஹே தீவுக்கு ஒரு வார விடுமுறையில் வருகிறேன். எல்லோரும் கடற்கரைக்கே போகச் சொல்கிறார்கள். விக்டோரியாவுக்கென்று ஒரு நாளை ஒதுக்குவது வீண்தானா?

பதில்: வீணே அல்ல. நகர மையத்தை இருபது நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம் என்பதால், மணிக்கூண்டின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பிவிடுகிறவர்களே அதிகம். அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். விக்டோரியா காலையில் இயங்கும் ஊர். எட்டு மணிக்கு முன் வந்து, சந்தை, அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா என்று நிதானமாக நடப்பவருக்குத்தான் இதன் அருமை தெரியும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்று சந்தையும் கடைகளும் மூடிக் கிடக்கும். சனிக்கிழமை காலை மிகவும் கலகலப்பாக இருக்கும் என்றாலும், நண்பகலுக்குப் பின் கடைகள் ஒவ்வொன்றாக அடைபடத் தொடங்கிவிடும்.

கேள்வி (மதுரை): எங்கிருந்து தொடங்குவது நல்லது?

பதில்: சந்தையிலிருந்து தொடங்குங்கள். 1840ஆம் ஆண்டு தொடங்கிய இந்தச் சந்தை, முன்னாள் ஆளுநர் செல்வின் செல்வின்-கிளார்க்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் முதலில் மீன் பகுதிக்குப் போங்கள். சிவந்த செதில்கள் மின்னும் பூர்ஷ்வா மீனும், வெள்ளி நிறப் பாரையும், கட்டுக்கட்டாகக் கோத்துத் தொங்கவிட்ட சிறு மீன்களும் அங்கே விற்பனைக்கு இருக்கும். உண்ணிக் கொக்குகள் மேடைகளின் விளிம்பிலேயே வந்து நின்று, மீன் வெட்டுபவரின் கத்தியை விட்டுக் கண்ணெடுக்காமல், எறியப்படும் குடலுக்காகக் காத்திருக்கும். இங்குள்ளவர்கள் அவற்றை ‘மதாம் பத்தோன்’ என்று அழைக்கிறார்கள், யாரும் விரட்டுவதில்லை. ஆட்கள் நடமாடும் இடத்தில் இவ்வளவு கூச்சமில்லாமல் நிற்கும் கொக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுபக்கத்தில் வனிலா நெற்றுகளும், சுருள் சுருளான இலவங்கப்பட்டையும், பழைய பாட்டில்களில் அடைத்த மிளகாய் ஊறுகாயும் கிடைக்கும். வியாபாரிகளைப் படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ‘போன்ஷூர்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது இங்கே மரியாதை, முகமன் கூறாமல் நேராக விலை கேட்பதை யாரும் விரும்புவதில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): எல்லாப் படங்களிலும் வரும் மணிக்கூண்டுக்கு அப்படி என்ன சிறப்பு?

பதில்: சீஷெல்ஸ் மொரீஷியஸிலிருந்து பிரிக்கப்பட்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ்த் தனிக் காலனியான 1903ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது இது. லண்டன் விக்டோரியா நிலையத்தின் அருகிலுள்ள சிறிய மணிக்கூண்டை மாதிரியாகக் கொண்டது. கூண்டைவிட அது நிற்கும் இடத்தையே கவனித்துப் பாருங்கள். அங்கிருந்து துறைமுகத்தை நோக்கிப் பரந்திருக்கும் நிலத்தில் பெரும்பகுதி, கடலைத் தூர்த்துப் பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது. மலைக்கும் கடலுக்கும் நடுவே இடமில்லாமல் நெருக்குண்ட ஊர், கடலுக்குள் கைநீட்டித்தான் வளர்ந்திருக்கிறது. அருகிலேயே இருக்கும் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில், 1756இல் பிரெஞ்சுக்காரர்கள் இத்தீவைத் தமதாக்கிக்கொண்டதற்கு அடையாளமாக நட்ட கல்லைக் காணலாம்.

கேள்வி (திருச்சி): நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். பாதுகாப்பாக இருக்குமா, அண்ணா?

பதில்: பகலில் நகர மையத்தில் தயக்கமில்லாமல் நடக்கலாம், சகோதரி. கூட்டத்தில் கைப்பையை மட்டும் முன்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலிருப்பதால் ஆண்டு முழுவதும் மாலை ஆறே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும், அதன்பின் தெருக்கள் வேகமாக வெறிச்சோடிவிடும். ஆகவே அதற்குள் விடுதிக்குத் திரும்பிவிடுவது நல்லது. ஊரை ஒட்டிய மலைப்பாதைகளுக்கும் ஆளில்லாத கடற்கரைகளுக்கும் தனியாகப் போக வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): தாவரவியல் பூங்காவுக்குக் கட்டணம் கொடுத்துப் போவது தகுமா? எங்கள் ஊரில் பார்க்காத மரங்களா அங்கே இருக்கப்போகின்றன?

பதில்: ஒரு மரத்துக்காகவே கட்டாயம் போக வேண்டும். மணிக்கூண்டிலிருந்து தெற்கே கால்மணி நேரம் நடந்தால் மோன் ஃப்ளூரி பகுதியில் 1901ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட இந்தப் பூங்கா வரும். கடல் தேங்காய் என்று நம் முன்னோர் அறிந்திருந்த இரட்டைத் தேங்காயை, அது காய்க்கும் மரத்திலேயே இங்கு காணலாம். இயற்கையில் இம்மரம் இந்நாட்டின் பிராலின், க்யூரியூஸ் தீவுகளில் மட்டுமே வளர்கிறது. உலகிலேயே மிகப் பெரிய விதை இதனுடையதுதான். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி, காய் முற்றுவதற்கே ஆறேழு ஆண்டுகள் ஆகும். இத்தீவுகளை வெளியுலகம் அறியாத காலத்தில், மாலத்தீவுக் கரையில் ஒதுங்கிய இந்த ஓடுகளைக் கண்டவர்கள், கடலடியில் வளரும் ஏதோ ஒரு மரத்தின் காய் என்றே நம்பினார்கள். ஒன்றை வாங்கிச் செல்ல விரும்பினால் அரசின் சான்றிதழுடன் விற்பதை மட்டும் வாங்குங்கள், அது இல்லையென்றால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.

அல்டாப்ரா எனப்படும் ராட்சத நில ஆமைகளின் அடைப்பும் இங்கே உண்டு. கழுத்தின் கீழே மெல்லச் சொறிந்துவிட்டால், அந்தப் பெரும் உடம்பைக் கால்களில் ஊன்றி உயர்த்தி, கழுத்தை முழுவதும் நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். அந்த ஒரு காட்சிக்கே நேரம் ஒதுக்கலாம்.

கேள்வி (சேலம்): அங்கே தமிழ்க் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: உண்மைதான். சந்தையிலிருந்து சில நிமிட நடையில், குவின்சி தெருவில் அருள்மிகு நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது. இது 1992இல் கட்டப்பட்டது. பின்னணியில் பச்சை மலை எழ, வண்ணக் கோபுரம் தெருவிலிருந்தே தெரியும். தைப்பூசத்தன்று காவடி எடுக்கிறார்கள். 1770இல் துறைமுகத்துக்கு எதிரேயுள்ள செயிண்ட் ஆன் தீவில் முதன்முதலாகக் குடியேறிய சிறு குழுவிலேயே ஐந்து இந்தியர்கள் இருந்தார்கள் என்பதையும், ‘பிள்ளை’ என்ற பெயரை இங்குள்ள கிறித்தவக் குடும்பங்களிலும் காணலாம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இக்கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கேள்வி (காஞ்சிபுரம்): சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிரியோல் எனப்படும் உள்ளூர் உணவுக் கடைகளில் பெரும்பாலும் மீன்தான். ஆனாலும் சோறு, பருப்பு, பழத் துவையல் என்று கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம், ஈரப்பலாக்காய் வறுவலும் நன்றாக இருக்கும். மீன் சாப்பிடுகிறவர்கள் தேங்காய்ப்பாலில் கொதித்த குழம்பை விட்டுவிட வேண்டாம். நாம் கறிவேப்பிலை போடும் இடத்தில் இவர்கள் இலவங்கப்பட்டை மரத்தின் இலையைப் போடுகிறார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பிற்பகல் மீதமிருந்தால் படகில் பிராலின் போய்வர முடியுமா?

பதில்: வேண்டாம். ஒரு வழிப் பயணத்துக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்கிழக்குக் காற்றில் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். பிராலினுக்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, பாம் தெருவிலுள்ள பேருந்து நிலையத்தில் போ வாலோன் செல்லும் பேருந்தில் ஏறினால், மலையைத் தாண்டி விரைவில் கடற்கரைக்குப் போய்விடலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அப்போது குடையில்லாமல் கிளம்ப வேண்டாம். பெரிய பெட்டிகளைப் பேருந்தில் ஏற்றவிட மாட்டார்கள் என்பதால், மூட்டை முடிச்சுகளை முதலிலேயே விடுதியில் வைத்துவிட்டு வாருங்கள்.