ஒதுங்கிப் போவதா தாழ்மை?

கேள்வி: எங்கள் பங்கின் தமிழ்ப் பாடகர் குழுவைப் பல ஆண்டுகளாக நான்தான் நடத்தி வந்தேன். தவக்காலம் தொடங்கும் நேரத்தில், என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பங்குத்தந்தை அந்தப் பொறுப்பை ஓர் இளம்பெண்ணிடம் கொடுத்துவிட்டார். “சரி ஃபாதர்” என்று தாழ்மையோடு ஒதுங்கிவிட்டேன். ஞாயிறு திருப்பலிக்கு இப்போது வேறு கோவிலுக்குப் போகிறேன். குழுவை நடத்த ஆசைப்பட்டதே தவறோ என்றும் தோன்றுகிறது. மனம் ஆறவில்லை. வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுகிறேன். உதவிக்கு இருக்கும் பிள்ளையைக்கூடப் போன வாரம் விருந்தினர் முன்னால் திட்டிவிட்டேன். தாழ்மையை எப்படித்தான் கடைப்பிடிப்பது?

— ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் வருத்தம் நியாயமானது. இத்தனை ஆண்டு உழைத்தவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வேறு கோவிலுக்குப் போவதைத் தாழ்மைக் கணக்கில் எழுதாதீர்கள். அது கோபம். கோபமாக இருக்கிறேன் என்று கடவுளிடமே சொல்லிவிடுங்கள். திருப்பாடல்களில் எத்தனை முறையீடுகள் அப்படி இருக்கின்றன!

பாடகர் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைவிட, கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிதான் என் மனத்தில் தைத்தது. குருவானவரிடமும் மேலதிகாரியிடமும் குனிந்து பேசுவது நமக்குக் கைவந்த கலை. அதில் மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நம்மைத் திருப்பிக் கேட்க முடியாதவரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் குட்டு வெளிப்படும். கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் நம்மைச் சுற்றி எத்தனை பேர்! அடுக்குமாடி வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளி, ஐம்பது ரூபாய்க்காக நாம் சண்டை பிடிக்கும் முச்சக்கர வண்டிக்காரர், மலையகத்திலிருந்து வந்து நம் சமையலறையில் நிற்கும் பிள்ளை. செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் உருகி மன்றாடிவிட்டு, வெளியே வந்ததும் வாசலில் கை நீட்டுபவரிடம் சீறுகிறோமே, அது எந்த ஊர்ப் பக்தி?

இந்தப் பெரிய வியாழனன்றும் யோவான் 13ஆம் அதிகாரத்தை வாசிக்கக் கேட்பீர்கள். பாதம் கழுவுவது அன்று வேலைக்காரரின் வேலை. தாம் யார் என்பது இயேசுவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிற யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான்.

2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்த யோசப் வாஸ் அடிகளாரையும் நினைத்துப் பாருங்கள். கோவாவில் உயர்குலத்தில் பிறந்த, நன்கு கற்ற குரு அவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். பத்து ஆண்டுகள் கழித்துக் கண்டியில் பெரியம்மை பரவியது. பெற்ற பிள்ளைகளையே விட்டுவிட்டு மக்கள் ஓடினார்கள். அவரோ கைவிடப்பட்டவர்களைத் தேடிப்போய், குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரித்தார். இந்தத் தீவின் கத்தோலிக்கப் பணிக்குத் தலைவராக இருந்தவரும் அவரேதான். ஆகவே குழுவை நடத்த ஆசைப்பட்டது தவறோ என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் கணவரும் பிள்ளைகளும் இருக்கும்போதே கேளுங்கள். “நான் உன்னைத் திட்டியது பிழை” என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். “ஆனால் நீயும் அன்றைக்கு...” என்று தொடங்கினால் எல்லாம் பாழ். அவள் கூச்சப்பட்டு, “பரவாயில்லை அம்மா” என்று சமையலறைக்குள் ஓடிவிடுவாள். ஓடட்டும். அன்று மாலை தேநீர் ஊற்றும்போது கவனியுங்கள்: அவளுக்கென்று தனியாக, விளிம்பு உடைந்த ஒரு கோப்பை அலமாரியின் ஓரத்தில் இருக்கிறதா? இருந்தால் அதை அன்றே எறிந்துவிடுங்கள். எல்லோரும் குடிக்கும் கோப்பையில் அவளும் குடிக்கட்டும். நம் வீடுகள் பலவற்றில் செபமாலை தொங்கும் சுவருக்குக் கீழேயே இந்தத் தனிக் கோப்பையும் இருக்கிறது. எனக்கு இதைவிடக் கசப்பான காட்சி வேறில்லை.

பிறகு பங்குத்தந்தையைப் பாருங்கள். “என்னிடம் முன்பே சொல்லியிருக்கலாம் ஃபாதர், எனக்கு வலித்தது” என்று நேராகச் சொல்லுங்கள். உலகிலேயே மிகவும் சாந்தமானவர் என்று விவிலியத்தின் எண்ணிக்கை நூல் சொல்லும் மோசேதான் பார்வோன் முன் நின்று வாதாடினார். வாயை மூடிக்கொண்டு உள்ளே புழுங்குவதைக் கடவுள் உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்த பாடல் பயிற்சிக்குத் திரும்பிப் போங்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அந்த இளம்பெண்ணிடமே கேளுங்கள். அவள் சுருதியைத் தவறாகப் பிடித்தால் மற்றவர்கள் முன்னால் திருத்தாதீர்கள், யாரையும் பார்த்துப் புன்னகைக்கவும் வேண்டாம். உங்களிடமுள்ள பாடல் கோப்புகளை எடுத்துச் சென்று முழுவதையும் அவளிடம் கொடுத்துவிடுங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் வரும் பாஸ்கா திருவிழிப்புக்கு எத்தனை பாடல்கள் பழக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பிள்ளை இப்போதே திணறிக்கொண்டிருப்பாள், தாமதிக்காதீர்கள்.