புயல் முன்கணிப்பு ஆய்வுக்கு கலிபோர்னியா அரசு ஏன் பணம் ஒதுக்குகிறது? தண்ணீர் வழங்கலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கலிபோர்னியாவின் ஆண்டு மழையில் பாதி வரை ‘வளிமண்டல ஆறுகள்’ கொண்டுவருபவை. பசிபிக் கடலிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் நீண்ட காற்றுப் பட்டைகள் அவை. பெருவெள்ளமும் பெரும்பாலும் அவற்றால்தான்.

வடக்கு கலிபோர்னியாவில் அணை கட்டித் தேக்கிய மென்டசினோ ஏரியைப் பாருங்கள். 2012 டிசம்பர் புயலில் நீர்மட்டம் ஏறியது. அடுத்த வெள்ளத்துக்கு இடம் வேண்டும் என்ற பழைய விதிப்படி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அப்புறம் 2013 முழுக்க வறட்சி. அடுத்த சில நாள் மழை இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கலாமே!

அந்த உறுதிக்குத்தான் ஆய்வு. விமானங்கள் புயலுக்கு மேலே பறந்து, ஈரப்பதமும் காற்றும் அளக்கும் கருவிகளைக் கீழே போடுகின்றன. அந்த அளவீடுகளால் கணிப்பு கூர்மையாகிறது. புது அணை கட்டாமலே 2020-ல் அதே ஏரியில் 11,000 ஏக்கர் அடிக்கு மேல் கூடுதலாகச் சேமித்தார்கள் (ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி).