மதுரை லீலாவதி யார்? ஏப்ரல் மாதம் அவருக்கு ஏன் போஸ்டர் ஒட்டுகிறார்கள்?

மதுரைக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது என்கிறீர்கள். போஸ்டரில் பெயரைப் பார்த்து அலுவலகத்தில் கேட்டதற்கு, "ஏதோ தண்ணீர்த் தகராறில் செத்தவங்க" என்றார்களாம். அந்த வரியைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தகராறு இல்லைங்க. லீலாவதி வில்லாபுரம் பகுதியின் மாநகராட்சி கவுன்சிலர். நெசவாளர் குடும்பம், மாதர் சங்கத்தில் வேலை பார்த்தவர், மார்க்சிஸ்ட் கட்சி. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்று சட்டம் வந்தபின் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில், 1996-இல் ஜெயித்தவர். வார்டுக்குக் குழாயில் குடிநீர் வரவேண்டும் என்று விடாமல் நின்றார். தண்ணீரை விற்றுக் காசு பார்த்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1997 ஏப்ரல் 23, பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பதவிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அப்போது நாங்கள் அந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. வரிசையில் இடம் பிடிக்க ராத்திரியே குடத்தை வைத்து, காற்றில் உருண்டுவிடாமல் உள்ளே ஒரு செங்கல் துண்டைப் போட்டு வருவேன். எங்களுடையது பச்சைக் குடம், வாய் ஓரத்தில் சூடு வைத்து ஒட்டிய தழும்பு இருக்கும். லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கிய நாளெல்லாம் அம்மா அதிலேயே அரிசி களைந்து, கழுநீரைப் பாத்திரம் கழுவ எடுத்து வைப்பாள். அன்றைக்குச் செய்தி தெரிந்ததும் தெருவில் கடைகளை அடைத்தார்கள். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். குடம் மறுநாள் வரை வரிசையிலேயே கிடந்தது.

நான் எந்தக் கட்சியும் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "முன்னோடி என்றால் மதுரையின் முதல் பெண் மேயர் தேன்மொழி கோபிநாதனை அல்லவா சொல்ல வேண்டும்" என்று யாராவது வருவீர்கள். சரி, 2006-இல் அவர் மேயரானது பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கவுன்சிலர் என்ற சின்னப் பதவியை வைத்தே என்னவெல்லாம் கேட்கலாம் என்று என் அம்மா மாதிரி ஆட்களுக்குக் காட்டியது லீலாவதிதான். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் சிலரை 2008-இல் அண்ணா நூற்றாண்டு என்று சொல்லி முன்கூட்டியே விட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. இப்போது வேறு ஊரில் இருக்கிறோம். 2016-இல் சட்டம் திருத்தி உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கியாயிற்று, எங்கள் வார்டிலும் பெண் கவுன்சிலர்தான். போன் செய்தால் எடுப்பது வீட்டுக்காரர். மனுவை வாங்குவதும் அவர்தான். எல்லா வார்டும் இப்படி என்று சொல்லவில்லை, நன்றாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். போன மாதம் குழாயில் சாக்கடை கலந்து வந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். "என்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார் அவர். "ஓட்டு அந்தப் பிள்ளைக்குத்தானேப்பா போட்டேன், அதை வரச் சொல்லு" என்று அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாட்டிலில் கொண்டுபோயிருந்த தண்ணீரை வாங்கி மோந்து பார்த்தார். யாருக்கோ அவரே போன் போட்டார். மூன்றாம் நாள் தெருவைத் தோண்டினார்கள்.