ஆய்வேடு வேண்டாம், ஒரு பக்கம் போதும்

பெண்கள் பொருளாதாரப் பாதுகாப்புக் கொள்கை இன்டர்ன்ஷிப்புக்கு எழுத்து மாதிரி கேட்கிறார்கள், பத்து நாள்தான் இருக்கிறது, கையில் முதுகலை ஆய்வேடு மட்டும் என்றீர்கள். அதை அனுப்பாதீர்கள். ஒரே ஒரு விதியை எடுங்கள். தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையில், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும் வீட்டுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடையாது. ஒரே மீட்டரில் இரண்டு ரேஷன் கார்டு குடும்பங்கள், குடும்பத்துக்கு மாதம் 160 யூனிட் என்றால் ஆண்டுக்கு 3,840. இரண்டு பெண்களுக்கும் சிக்கல். வாதம் அங்கேதான் இருக்கிறது.

விதி, விடுபடுகிறவர், விதியில் எந்த வரியை எப்படி மாற்றலாம்: இவ்வளவுதான் எழுத வேண்டும். "அரசு கவனிக்க வேண்டும்" என்று முடித்தால் மாதிரி அங்கேயே படுத்துவிடும். ஆதாரத்துக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போட்டால் பதிலுக்கே 30 நாள் அவகாசம் உண்டு, உங்களிடம் இருப்பது பத்து நாள். அதற்குப் பதில், இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் பாருங்கள், சமூக நலத் துறையுடையதை அல்ல.