நாயை ராத்திரி எங்கே கட்டுவது? மலைவீட்டுக் கேள்வி பதில்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் முப்பது வருடம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவர் இல்லை. மருத்துவர் ஊசி போடும்போது மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இப்போது வீட்டில் இரண்டு நாட்டு நாய், ஒரு பூனை. வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

அரவேணுவிலிருந்து: அண்ணா, எங்கள் தெருவில் போன வாரம் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிவிட்டது. எங்கள் நாயை வாசலில்தான் கட்டுகிறோம். ராத்திரி முழுக்க லைட் போட்டுவைத்தால் போதுமா?

போதாது தம்பி. தெருவிளக்குக்குக் கீழேயே சிறுத்தை நடந்து போவதை யாராவது வீட்டு கேமராவில் நீங்களே பார்த்திருப்பீர்கள். காட்டுப்பன்றியை விரட்டிப் பிடிப்பதைவிட நாயைப் பிடிப்பது அதற்கு லேசு. கட்டிப்போட்ட நாய் என்றால் இலை போட்டுப் பரிமாறிவைத்த மாதிரி. அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடும், எதற்கடியிலாவது புகும். சங்கிலியில் இருப்பது எங்கே போகும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருந்தேன். கறுப்பு நாய் ஒன்று வளர்த்தேன். ஒரு நாள் ராத்திரி இரண்டு முறை குரைத்தது, அப்புறம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டது போல என்று நானும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். விடிந்து பார்த்தால் சங்கிலி தேயிலைச் செடிப் பக்கம் நேராக நீண்டு கிடக்கிறது. முனையில் கழுத்துப்பட்டை, பக்கிள் போட்டது போட்டபடி. ரத்தம்கூட அவ்வளவாக இல்லை. அதற்குப் பிறகு என் வீட்டு நாய் எதுவும் இருட்டியபின் வெளியே படுத்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் உள்ளே கூப்பிட்டுவிடுங்கள். வீட்டில் இடமில்லை என்றால் விறகுக் கொட்டகை போதும். ஆனால் கதவு இருக்க வேண்டும், மேலேயும் மூடியிருக்க வேண்டும். மேல்பக்கம் திறந்த கம்பிவலை சிறுத்தைக்கு ஒரே தாவல். கோழிக்கழிவு, மீன்தலை இவற்றை வீட்டுக்குப் பின்னால் வீசாதீர்கள். அதற்குத் தெருநாய் வரும், தெருநாயைத் தேடிச் சிறுத்தை வரும், வாசனை பிடித்துக் கரடியும் வரும். நாய் உள்ளே படுத்தால் காவல் என்ன ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். கதவுக்குப் பின்னால் இருந்து குரைத்தாலும் அது காவல்தான்.

கொடைக்கானலிலிருந்து: காலையில் நாயோடு நடக்கப் போனால் ரோட்டில் காட்டெருமை நிற்கிறது. நாய் குரைத்து விரட்டிவிடாதா?

குரைக்கும், விரட்டாது. அவிழ்த்துவிட்ட நாய் காட்டெருமையிடம் போய்க் குரைத்துச் சீண்டும், அது தலையைத் தாழ்த்தியதும் பயந்து உங்களிடமே ஓடிவரும். பின்னாலேயே முக்கால் டன், ஒரு டன் எடையுள்ளதும் வரும். வாரைக் குட்டையாகப் பிடியுங்கள். மந்தையைவிடத் தனியாக நிற்கும் கிழட்டு ஆணிடம் இன்னும் கவனம். வந்த வழியே திரும்பிவிடுங்கள், நடை ஒரு நாள் குறைந்தால் ஒன்றும் ஆகாது.

ஊட்டி, ஃபிங்கர்போஸ்ட்டிலிருந்து ஒரு அம்மா: இரண்டு மாத லாப்ரடார் குட்டி. உறைபனிக் காலத்தில் நடுங்குகிறது. ராத்திரி அறையில் கணப்பு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அம்மா. கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரிக்கணப்பை உள்ளே வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காத மனிதர்களைப் பற்றி இந்த மலையில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். கரி கனியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, புகையும் தெரியாது. குட்டிக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்கும் அதே ஆபத்து.

குட்டிக்குக் குளிர் முதலில் தரையிலிருந்துதான் ஏறும். ஒரு பழைய பழப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பழைய கம்பளி. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஓரமாக வையுங்கள். சூடு அதிகமானால் நகர்ந்து படுக்க இடம் வேண்டும். குளிக்க வைப்பது வெயில் ஏறியபின், பதினொரு மணிக்கு மேல்தான். காது மடலுக்கு உள்பக்கம் வரை துவட்டி, உடம்பு முழுக்கக் காய்ந்தபிறகு உள்ளே விடுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி சமவெளிக்குப் பிறந்த, முடி குட்டையான நாய்களுக்குப் பனிக்காலத்தில் ஒரு ஸ்வெட்டரே தைத்துப் போடலாம். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

குன்னூரிலிருந்து: நாய்க்கும் பூனைக்கும் உண்ணி. பக்கத்து வீட்டு அக்கா நீலகிரித் தைலம் தேய்க்கச் சொல்கிறார். நம் ஊர் சரக்குதானே, கெடுதல் இருக்காதே?

நம் ஊர் சரக்குதான், நம் மூட்டுக்கு. நாய் தன் உடம்பை நக்கும். தைலம் வயிற்றுக்குள் போனால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், தள்ளாடும். பூனையின் ஈரல் இந்த மாதிரி எண்ணெய்களைச் சரியாகக் கழிக்காது. அதுவோ நாள் முழுக்க நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. கற்பூரமும் அப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் மிச்சம் இருந்தால் பூனைக்கும் இரண்டு சொட்டு விடுவது. பெட்டியில் பெர்மெத்ரின் என்று போட்டிருந்தால் அது பூனைக்கு விஷம். ஒரு முறை ஒரு பூனையைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூடியைத் திறந்தால் காது துடிக்கிறது, முதுகுத் தோல் அலை அலையாக நடுங்குகிறது. உடனே கொண்டுவந்ததால் பிழைத்தது. பூனைக்கென்று இருக்கும் மருந்தை எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

உண்ணியை எடுக்கத் தீக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்காதீர்கள். நாய் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்து, மூத்திரம் பால் விடாத டீ நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

வெலிங்டனிலிருந்து: வந்த விருந்தாளிகள் வாங்கிவைத்த ஊட்டி சாக்லேட் பாக்கெட்டை நாய் தின்றுவிட்டது. துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

துள்ளுவதே அறிகுறியாக இருக்கலாம். கோகோவில் உள்ள தியோபுரோமின் நாய் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் கழியும். இதயத்தைப் படபடக்க வைக்கும், அளவு மீறினால் வலிப்பு. கறுப்பு சாக்லேட்தான் அதிக ஆபத்து. பத்து கிலோ நாய் நூறு கிராம் கறுப்பு சாக்லேட் தின்றால் இதயத் துடிப்பே மாறும் அளவு. அதே நூறு கிராம் பால் சாக்லேட் என்றால் பெரும்பாலும் வாந்தி, பேதி, அமைதியின்மையோடு போகும். உலர்திராட்சை போட்ட வகையாக இருந்தால் சிறுநீரகத்துக்கும் கேடு. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். நீங்களே உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தனி விஷம். பாக்கெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். இதைப் படிக்கும்போதே கிளம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: தினமும் டீயில் வர்க்கி நனைத்துக் கொடுக்கிறேன். ஆசையாகச் சாப்பிடுகிறது.

நானும்தான் ஆசையாகச் சாப்பிடுகிறேன், எனக்குக் கொழுப்பு இருநூற்று நாற்பது. நிறுத்துங்கள். டீயும் வேண்டாம்.

கூடலூரிலிருந்து: வீட்டுக் குட்டி நாய், இரண்டரை மாதம். விளையாடும்போது பையன் கையில் பல் பட்டு லேசாக ரத்தம். இவ்வளவு சின்னக் குட்டிக்கு எங்கே வெறிநோய் வரப்போகிறது என்று மாமியார் சொல்கிறார். அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயமுறுத்துகிறார்.

மாமியார் சொன்னதில் பயம் மட்டும் உண்மை, அதுவும் பழைய உண்மை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்த ஊசி இந்தியாவில் 2004-ஓடு நின்றுவிட்டது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கவென்றே 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் நம் குன்னூரில்தான் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாம் இன்னும் கடிவாயில் மிளகாய்ப்பொடி வைக்கிறோம்.

முதலில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம், ஏனென்றால் மூன்று நிமிடத்திலேயே கை வலித்து, போதும் என்று தோன்றும். சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எதையும் வைக்காதீர்கள். அப்புறம் அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்கள். எல்லாம் கையில்தான், இலவசம். ரத்தம் வந்திருப்பதால் கடிவாயைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடச் சொல்வார்கள். அது வலிக்கும், அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். தாய் யார், தாயை எது கடித்தது என்று நமக்குத் தெரியாது. குட்டியைப் பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று பையனுக்கு ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்களுக்கான ஊசி அதற்கு முன்பே, ஆறு எட்டு வாரத்திலேயே தொடங்க வேண்டியது, உடனே கேளுங்கள். கூடலூரில் காடு வாசல் வரை இருக்கிறது. நாயிடமிருந்து டிஸ்டெம்பர் செந்நாய்க்கும் போகும்.

மஞ்சூரிலிருந்து: பூனைக்குப் பாலும் சோறும் மட்டும் கொடுக்கிறோம், நாங்கள் சைவம். போதுமா?

போதாது அம்மா. பூனை இறைச்சி தின்னப் பிறந்தது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். அது அசைவ உணவில்தான் இருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதி ஆகும். கறியைத் தொட மனமில்லை என்றால் பூனைக்கான பாக்கெட் உணவு வாங்குங்கள். காய்ச்சல் மாதிரி இருந்தாலும் பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும்.

குந்தாவிலிருந்து: தேயிலைத் தோட்டத்தில் விழுந்து கிடந்த கிளிக்குஞ்சை எடுத்து வளர்க்கிறோம். இறகை வெட்டலாமா?

வெட்டவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வைப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் ஒப்படையுங்கள். பறவைதான் ஆசை என்றால் லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம், கூண்டை ராத்திரி போர்வையால் மூடுங்கள்.

கேத்தியிலிருந்து: எங்கள் நாய்க்குப் பதின்மூன்று வயது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது படி. பாதியில் உட்கார்ந்துவிடுகிறது. எனக்குக் கொடுத்த மூட்டுவலி மாத்திரையைப் பாதி கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டுமே நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் போடுவது 2006-இலேயே தடை. மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்று பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை அது. மிஞ்சியவற்றில் சில நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் பறக்கின்றன. நாய்க்கென்று வலிமருந்துகள் இருக்கின்றன. டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு எழுதித் தருவார்.

எடை கூடியிருந்தால் குறையுங்கள். நகத்தை வெட்டுங்கள், நீண்ட நகம் படியில் வழுக்கும். மழையில் பாசி பிடிக்கும் படிகளைத் தேய்த்துக் கழுவி, சாக்கு விரித்துக் கல் வையுங்கள். ஒரு நீளத் துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தால் பின்னங்கால் பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். பாதிப் படியில் உட்கார்ந்தால் நீங்களும் உட்காருங்கள். அதுவாக எழுந்திருக்கும்போது ஏறினால் போதும்.